வீட்டுக்கும் வெயிலுக்கும் நடுவே
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மணிமங்கலம் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை முறியடித்த ஏழாம் நூற்றாண்டுப் போர் ஞாபகம் வரும். நான் கட்டடக்காரன். எனக்குத் திண்ணைதான் ஞாபகம் வரும்.

திண்ணை, நடை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. திண்ணைச் சார்பு சுவரில் வெயில் விழாமல் தடுக்கும். முற்றத்தில் சூடான காற்று மேலே போக, நடை வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். வெயிலில் வந்தவன் உடம்பு படிப்படியாகக் குளிரும்.

இந்த இடங்களுக்கு 24 டிகிரி வேண்டுமா? வேண்டவே வேண்டாம். 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜன்னல் திறந்து புழங்கும் கட்டடத்துக்கு, வெளியே கடந்த ஒரு மாதச் சராசரி வெப்பத்தை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டுங்கள். சராசரி 32 என்றால் விடை சுமார் 30. அலுவலகங்களை ஆராய்ந்து வந்த கணக்குதான். ஆனாலும் வீட்டுக்கும் ஒரு வழிகாட்டி. நிழலும் காற்றும் இருந்தால் 30 டிகிரியில் நம்மவர்கள் சௌகரியமாகவே இருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளை நம்பிச் சுற்று ஊர்களில் வாடகை அறைகள் வரிசை வரிசையாக எழும்புகின்றன. திண்ணை கிடையாது, எதிர்ச்சுவரில் ஜன்னல் கிடையாது. நைட் ஷிப்ட் முடித்து வரும் பையன் தூங்குவது எப்போது? உச்சி வெயிலில், கொதிக்கிற தளத்துக்குக் கீழே! அரைகுறைத் தூக்கத்தோடு மறுபடி மெஷின் முன்னால் நிற்கிறான். விரல் போனால் திரும்பி வருமா?

2018-இல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதா, நம்மைப் போன்ற புழுக்கமான பகுதிக்குத் திறக்கக்கூடிய கதவு, ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது வேண்டும் என்கிறது. 100 சதுர அடிக்குச் சுமார் 17 சதுர அடி. பெரிய மனைகளுக்கென எழுதிய விதிதான். சின்ன அறையில் அதைச் செய்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

நம்மில் பலர் பில்டர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள். பத்து அறை வருகிற இடத்தில் ஒன்பது கட்டுங்கள். மிச்ச இடத்தில் மேற்குப் பக்கம் நாலடித் தாழ்வாரம் விடுங்கள். எதிரெதிரே ஜன்னல் வையுங்கள். மொட்டை மாடியில் தட்டோடு பதித்து வெள்ளையடியுங்கள். மாடிப்படி உச்சியில் சூடான காற்று வெளியேற வழி விடுங்கள். ஒரு அறை வாடகை குறையும், வாஸ்தவம். ஒன்பது பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மாணவர்களே, ஒரு தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பழைய திண்ணையிலும் ஒரு வாடகை அறையிலும் அளந்து பாருங்கள். பிறகு வரைபடம் போடுங்கள்.