விமானம் மாறினால் இருக்கையும் மாறும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகளைப் பார்க்க தில்லி, மும்பை என்று விமானத்தில் போய்வருபவர்கள் நம் குடியிருப்பில் நிறைய பேர் இருக்கிறீர்கள். பணம் கட்டி இருக்கையைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஆனால் விமான நிலையத்தில் வேறு எண்ணைக் கொடுப்பார்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஏர்பஸ் ஏ321-இல் 35-ஆவது வரிசை உண்டு. அதைவிடச் சிறிய ஏ320-இல் அந்த வரிசையே கிடையாது. அவசரக் கதவுகள் இருக்கும் இடமும் வேறு. அந்தக் கதவருகே முதியவர்களையும் குழந்தைகளையும் உட்கார வைக்க மாட்டார்கள். ஏடிஆர் 72 விமானத்தில் பக்கத்துக்கு 2 இருக்கைதான். பயணிகள் ஏறுவதும் பின்கதவு வழியாக. முழங்கால் வலிக்காக முன்வரிசை கேட்டவர், அதில்தான் அதிக தூரம் நடக்க வேண்டும்!

ஆகவே புறப்படும் நாளன்று காலையில் இருக்கை எண்ணை மறுபடி பாருங்கள். மாறியிருந்தால், உள்ளே ஏறும்வரை காத்திராமல் கவுண்டரிலேயே சொல்லுங்கள். கட்டிய இருக்கைப் பணத்தையும் திருப்பிக் கேளுங்கள். ஒரே எண் இருவருக்கு வந்திருந்தால், சக பயணியோடு சண்டை வேண்டாம். விமான எண்ணையும் தேதியையும் சரிபார்த்து, இரண்டு போர்டிங் பாஸையும் பணிப்பெண்ணிடம் காட்டுங்கள்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) வகுத்த விதிகளில் சில:

12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பிஎன்ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் அருகே இடம் தர வேண்டும்.

உயர்வகுப்பிலிருந்து கீழ்வகுப்புக்கு மாற்றினால், உள்நாட்டுப் பயணத்துக்கு வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இது 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது.

உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தும் இடமில்லை என்றால், 1 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தர வேண்டும். அது முடியாமல் 24 மணி நேரத்துக்குள் தந்தால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 2 மடங்கு இழப்பீடு; உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் 4 மடங்கு. உச்சவரம்பு 20,000 ரூபாய்.

கிடைக்காவிட்டால் 'ஏர்சேவா' தளத்தில் புகார் செய்யலாம். அதற்காக போர்டிங் பாஸ், ரசீது, குறுஞ்செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

தம்பதியாகப் போகும் மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இருவர் மாத்திரையையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒருவர் 4-ஆவது வரிசையிலும் மற்றவர் 28-ஆவது வரிசையிலும் உட்கார நேர்ந்தால், வேளை மாத்திரை தவறக்கூடாது.