சிறுநீர் சொல்லும் செய்தி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் மணக்க வேண்டிய இம்மேடையில் இரத்தத்தையும் சிறுநீரையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்த செயலாளரின் துணிவை முதற்கண் பாராட்டுகிறேன். ஆய்வுக்கூடத்தில் முப்பதாண்டுகள் குப்பிகளோடு வாழ்ந்தவனுக்குப் பேசத் தெரிந்த பொருள் அது ஒன்றே.

போர்ட் பிளேயர் என்று நாம் நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் நகரின் கப்பல் துறையில் நின்று பார்த்தவர்க்கு நான் சொல்லப்போவது புதிதன்று. சென்னைக்குப் புறப்படும் கப்பலில், திருமணத்திற்குச் செல்வோர், படிக்கச் செல்வோர் ஆகியோரோடு, துணிப்பை நிறைய மருத்துவத் தாள்களைச் சுமந்துகொண்டு ஏறுவோரும் சிலர் இருப்பர். அவருக்கு என்ன நோய் என்று கேட்டால், உடன் வந்தவர் தாழ்ந்த குரலில், "உப்பு ஏறிவிட்டது" என்பார்.

இந்த 'உப்பு' என்னும் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இரத்தத்தில் யூரியாவும் கிரியேட்டினினும் மிகுவதை நம் மக்கள் உப்பு என்கின்றனர். சிறுநீரில் ஆல்புமின் கழிவதையும் உப்பு என்கின்றனர். உண்ணும் உப்போ வேறொன்று. மூன்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால், ஒன்று இல்லை என்றவுடன் மற்றவையும் இல்லை என நம்பிவிடுகிறோம். இம்மயக்கம் உயிரையே வாங்கவல்லது.

அதற்கு நானே சான்று. பல்லாண்டுகளுக்கு முன், நீரிழிவு உடைய அன்பர் ஒருவர் ஆண்டுதோறும் என்னிடம் இரத்தம் கொடுத்துச் செல்வார். கிரியேட்டினின் 1.1 என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருவேன். "உப்பு இல்லையே?" என்பார். "இல்லை ஐயா" என்பேன். ஆறாண்டுகள் இவ்வாறே கழிந்தன. ஏழாம் ஆண்டு கால்கள் வீங்க வந்தார். அன்றுதான் அவர் சிறுநீரை முதன்முதலாகச் சோதித்தோம். குழாயிலிருந்த நீர் பால்போல் வெளுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவரும் துணிப்பையோடு கப்பல் ஏறினார். நான் எழுதிய எண்களுள் ஒன்றேனும் பிழையன்று. ஆயினும், "சிறுநீரையும் ஒருமுறை பாருங்கள்" என்று அவருக்கு நான் சொல்லாமல் விட்டது பிழை. அப்பிழைக்குக் கழுவாயாகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நம் உடலில் உள்ள இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியதெல்லாம் மீண்டும் உடலுக்கே சேர்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இப்பணியைச் செய்யும் நுண்வடிகட்டிகள் சற்றொப்பப் பத்து இலட்சம் உள்ளன. கிரியேட்டினின் என்பது தசைகளின் உழைப்பில் நாளும் உண்டாகும் கழிவு. வடிகட்டிகள் பழுதுபட்டால் அது இரத்தத்தில் தேங்கும். இதுவே அச்சோதனையின் அடிப்படை.

ஆனால் சிறுநீரகம் செல்வம் மிகுந்த வீடு போன்றது. பாதிச் சொத்து கரையும் வரை வெளியார்க்கு வறுமை தெரியாது. மகனுக்கு ஒரு சிறுநீரகத்தை ஈந்த தாய், மற்றொன்றைக் கொண்டே நலமாக வாழ்வதைக் காண்கிறோம் அல்லவா? அத்தகையோர் பலர்க்குக் கிரியேட்டினின் வழக்கமான எல்லையை விட்டுப் பெரிதும் விலகுவதில்லை. ஆகவே கிரியேட்டினின் உண்மை கூறும் சாட்சியே. ஆனால் காலந்தாழ்த்தி வரும் சாட்சி.

மேலும், அவ்வெண்ணை மட்டும் பார்த்தலும் போதாது. இருபத்தைந்து வயது இளைஞருக்கு 1.1, எழுபது வயது மூதாட்டிக்கும் 1.1 எனக் கொள்வோம். 2021-இல் வெளிவந்த வாய்பாட்டின்படி கணக்கிட்டால், இளைஞரின் சிறுநீரகங்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 95 மில்லிலிட்டர் வடிக்கின்றன. மூதாட்டியினவோ 54 மட்டுமே. தசை குறைந்த உடலில் கழிவும் குறைவாகவே உண்டாவதால், எண் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாகிறது. இவ்வளவு மூன்று திங்களுக்கு மேலாக 60-க்குக் கீழ் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது உலக மருத்துவர் கொண்ட முடிபு. ஆதலின் கிரியேட்டினின் தாள் கைக்கு வந்ததும், "என் வயதிற்கு இதன் வடிதிறன் யாது?" என்று மருத்துவரைக் கேட்கத் தயங்காதீர்கள்.

இனி, முன்கூட்டியே வரும் சாட்சியைக் காண்போம். சிறுநீரைக் கண்டு நோயறிதல் தமிழர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் சிறுநீரும் ஒன்று. காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பரவும் முறையை நோக்கும் நெய்க்குறி தேரையர் பெயரோடு வழங்கி வருகிறது. அம்முறைக்கும் இன்றைய வேதியலுக்கும் உறவில்லை. எனினும், அருவருத்து ஒதுக்கும் பொருளில் அறிவைத் தேடலாம் என்னும் எண்ணம் நம் முன்னோர்க்கு இருந்தது.

1827-இல் இலண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்னும் மருத்துவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சினார். அது முட்டையின் வெண்கரு போல் திரண்டது. ஆல்புமின் என்னும் புரதத்தின் பெயரே வெண்கருவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். அந்நோயாளிகள் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது, சிறுநீரகங்கள் கெட்டிருந்ததோடு, பலர்க்கு இதயமும் பருத்திருக்கக் கண்டார். சிறுநீரகமும் இதயமும் கூடிக் கெடுகின்றன என்ற குறிப்பு அன்றே கிடைத்துவிட்டது. அதன் முழுப் பொருள் விளங்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

நலமான வடிகட்டி ஆல்புமினைப் பெரிதும் இரத்தத்திலேயே நிறுத்திக்கொள்ளும். அதில் நுண்ணிய பழுது நேர்ந்தவுடன் அப்புரதம் கசியத் தொடங்கும். கரண்டியில் திரளாத அச்சிறு கசிவையும் அளக்கும் வழி 1960-களில் பிறந்தது. 1984-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்சன் என்பார், நீரிழிவாளரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கி ஒரு முடிவை வெளியிட்டார். சிறுநீரில் சிறிதளவு ஆல்புமின் கசிந்தோர், கசியாதோரினும் முன்னதாக இறந்தனர் என்பது அது. அவ்விறப்புகளுக்கு இதய நோயே பெருங்காரணம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதி செய்தன. 2010-இல் லான்செட் இதழில், பல நாடுகளைச் சேர்ந்த 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் கணக்கு வெளிவந்தது. வடிதிறன் குறைதல், ஆல்புமின் கசிதல் ஆகிய இரண்டும் தனித்தனியே இறப்பைக் கூட்டுகின்றன என்று அது காட்டியது.

சிறுநீரில் கசியும் புரதம் இதயத்தைப் பற்றி எவ்வாறு பேசும் என்று நீங்கள் வினவலாம். சிறுநீரக வடிகட்டி என்பது நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சே. இரத்தக் குழாய்களின் உட்பூச்சு உடல் முழுவதும் ஓடும் ஒரே வகைத் தளம். கூரையில் ஓரிடத்தில் ஒழுக்குக் கண்டால், ஓடுகள் எங்கும் பழுதாகி வருகின்றன என்று வீட்டுக்காரர் உணர்வதில்லையா? நாட்பட்ட சிறுநீரக நோயாளருள் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டுமுன்னரே இதய நோயால் மாய்வதன் காரணமும் இத்தொடர்பே.

இதயத்திற்கும் தனிச் சான்றுகள் உண்டு. இதயத் தசை நைந்தால் டிரோபோனின் இரத்தத்தில் மிகும். இதயம் சுமை தாங்காது விம்மினால் பி.என்.பி. என்னும் பொருள் மிகும். சிறுநீரகம் கெட்டவர்க்கு இவ்விரண்டும் மாரடைப்பு இல்லாதபோதும் உயர்ந்திருக்கக்கூடும். ஆதலின் நெஞ்சு வலியோடு செல்லும் சிறுநீரக நோயாளர், தம் பழைய தாள்களை மறவாது எடுத்துச் செல்ல வேண்டும். முன்னைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் புதிய எண்ணின் பொருள் விளங்கும்.

இது நமக்கு அயலான செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். சென்னை நகரில் நிகழ்ந்த பேராய்வு ஒன்றின் பகுதி 2007-இல் வெளிவந்தது. அதில் சோதிக்கப்பட்ட நீரிழிவாளருள் சிறுநீரக நோய் வெளிப்பட முற்றியோர் 2.2 விழுக்காட்டினரே. ஆனால் ஆல்புமின் சிறிதளவு கசிந்தோர் 26.9 விழுக்காட்டினர்! வெளியே தெரிந்த ஒருவருக்குப் பின்னால் பன்னிருவர் தாம் இருக்கும் நிலை அறியாது நின்றனர்.

நம் தீவுகளிலும் காரணங்களுக்குக் குறைவில்லை. கார் நிக்கோபாரில் வாழும் நிக்கோபார் மக்களிடையே நிகழ்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. நம் வீடுகளிலோ கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இல்லாத உணவு அரிது. எலிக் காய்ச்சலும் இம்மண்ணுக்குப் பழகிய பகை. திக்லிபூர்ப் பகுதியில் 1988 முதல் மக்களை வாட்டிய காய்ச்சலின் காரணம் அதுவே எனப் பின்னர் தெரிந்தது. அது ஒரு கிழமைக்குள் சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. வயலில் இறங்கியவர்க்குக் காய்ச்சலோடு சிறுநீரும் குறைந்தால், ஆண்டுச் சோதனைக்குக் காத்திராது அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

சரி, இதற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டாவோ எனக் கேட்பீர்கள். சென்னையில் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி அவர்கள் தலைமையில் இயங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், அந்நகரையடுத்த சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களை வீடுதோறும் சென்று சோதித்தது. கருவிகள் யாவை? இரத்த அழுத்தமானி ஒன்று. சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் கரைசல். புரதம் இருந்தால் வெண்மையாகக் கலங்கும் சல்போசாலிசிலிக் அமிலம். சோதித்தவர் பயிற்சி பெற்ற களப்பணியாளர். மருந்தும் விலை மலிந்த பழைய மாத்திரைகளே. மக்கள்தொகையில் ஒருவருக்கு ஆண்டுச் செலவு அரை அமெரிக்க டாலரைக்கூட எட்டவில்லை. இரத்த அழுத்தம் உடையோர் பெரும்பாலோர்க்கு அது கட்டுக்குள் வந்தது.

அறிந்தபின் செய்வதற்கும் இன்று வழியுண்டு. ஆல்புமின் கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் இரத்த அழுத்த மருந்துகளின் பயன் 1993-லும் 2001-லும் வந்த ஆய்வுகளால் நிலைபெற்றது. நீரிழிவுக்கென வந்த புதுவகை மாத்திரைகள் சிலவும் சிறுநீரகத்தைக் காக்கின்றன என 2019-லும் 2020-லும் வெளிவந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன. இவற்றை மருத்துவர் சொற்படியே உண்ண வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் எளியது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையவர், பெற்றோர்க்குச் சிறுநீரக நோய் இருந்தவர், அறுபது கடந்தவர் ஆகியோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இரத்த அழுத்தம், கிரியேட்டினினும் அதன் வடிதிறனும், சிறுநீரில் ஆல்புமின். கடைசிச் சோதனையில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. 300-ஐக் கடப்பது கடுமை. ஒருமுறை மிகுந்ததும் மனம் கலங்க வேண்டா. காய்ச்சலும் கடும் உழைப்பும் அதைச் சிறிது நேரம் உயர்த்தும். மூன்று திங்களுக்குள் மீண்டும் பார்த்தே முடிவு செய்வர். முழங்கால் நோவுக்குக் கடையில் தாமே வாங்கும் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்காதீர்கள். அவை சிறுநீரகத்திற்கு ஊறு செய்வன.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுகின்ற இம்மண்டபத்தில் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு காலை, இரத்த அழுத்தம் பார்க்கவும் சிறுநீர் சோதிக்கவும் ஒரு மேசை இடுவோம். குழாய் பிடிக்க நான் வருகிறேன். யாருடைய குழாயேனும் கலங்குமாயின், முன்னொரு நாள் நான் சொல்லத் தவறிய சொல்லை அன்று அவர்க்குச் சொல்வேன்.