ஸ்டாக் இல்லை

இன்று பட்டம் வாங்கும் மருந்தாளுநர்களே,

நான் கேரி தீவுக்காரி. தோட்டத்தில் பிறந்தவள், கிள்ளானில் மருந்தகம் நடத்துபவள். இந்த மேடையில் கனவு, இலட்சியம் என்று பேசுவது வழக்கம். அதைத் துணைவேந்தர் என்னைவிட நன்றாகவே பேசிவிட்டார். எனக்குத் தெரிந்தது கவுண்டர்தான். அங்கே நின்றுகொண்டு நாம் சொல்லும் 'இல்லை' என்ற பதிலைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

2002-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மெனோமனி என்ற ஊரில், ஒரு கல்லூரி மாணவி கருத்தடை மாத்திரை வாங்கப் போனார். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு இருந்தது. பணியில் இருந்த நீல் நோசென் என்ற மருந்தாளுநர், தன் சமய நம்பிக்கை இடம் தராது என்று மறுத்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் அவர் பெயர் நம் காதுக்கு வந்திருக்காது. சீட்டை வேறு கடைக்கு மாற்றித் தரவும் அவர் மறுத்தார். எங்கே போனால் கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. 2005-இல் அம்மாநில மருந்தாளுநர் வாரியம் அவரைக் கண்டித்தது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த ஒழுங்கு நடவடிக்கையை ஏற்றுக்கொண்டது. அவர் நம்பிக்கையில் வாரியம் கைவைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் போக்கிடம் இல்லாமல் நிறுத்தியதற்குத்தான் தண்டனை.

பிரான்சில் இன்னும் கறாராகப் பார்த்தார்கள். போர்தோ நகருக்கு அருகே சால்புஃப் என்ற சிற்றூரில், 1995-இல், ஒரு மருந்தகத்தின் உரிமையாளர்கள் இருவர் மூன்று பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை தர மறுத்தார்கள். அபராதம் விழுந்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2001-இல் அங்கேயும் அவர்கள் பக்கம் தீர்ப்பு வரவில்லை. இந்த மருந்தைச் சட்டப்படி மருந்தகத்தில் மட்டும்தான் வாங்க முடியும், ஆகவே மருந்தகக்காரர் தன் நம்பிக்கையை வாங்க வருபவர்மேல் சுமத்த முடியாது என்பது அந்த நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

எனக்கு இந்த வாதம்தான் சரியென்று படுகிறது. பக்கத்துச் சீனர் மளிகைக் கடையில் மைலோ இல்லையென்றால் எதிர்க்கடைக்குப் போகலாம். நம் அலமாரியில் இருக்கும் இந்த மாதிரி மருந்தை வேறு யாரும் விற்கக்கூடாது என்று மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் சொல்கிறது. கிளினிக் டாக்டர் தன் நோயாளிக்குக் கொடுக்கலாம். மற்றபடி அந்த உரிமை நமக்கு மட்டும்தான். ஊர் நமக்குக் கொடுத்த தனியுரிமையை வைத்துக்கொண்டே அந்த ஊர்ப் பெண்ணுக்குக் கதவடைப்பது என்ன நியாயம்?

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் நிலைமை வேறு மாதிரி. என்னைக் கேட்டால் இன்னும் சிக்கலானது. இங்கே கருத்தடை மாத்திரை 'சி' பிரிவில் இருக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டாம், மருந்தாளுநர் விசாரித்துவிட்டுக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் விஸ்கான்சின் மாணவி கையில் ஒரு காகிதம் இருந்தது. அதை வைத்து அவர் புகார் செய்ய முடிந்தது. இங்கே வரும் பெண் கையில் ஒன்றும் கிடையாது. கொடுத்தால் நாம் பதிவேட்டில் எழுத வேண்டும். மறுத்தால் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. "ஸ்டாக் இல்லை" என்றால் முடிந்தது. அதுகூட வேண்டாம், "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழுகிறமாதிரி ஒரு கேள்வி போதும். அவள் பனடோல் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

இந்த 'ஸ்டாக் இல்லை' எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டைப் பாருங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரகாலக் கருத்தடை மாத்திரையை 2005-இல் இந்திய அரசு சீட்டில்லாமல் விற்க அனுமதித்தது. டில்லியிலும் மும்பையிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைப்பது அரிது. தடை என்று அரசாணை ஏதும் கிடையாது. அதிகாரிகளின் முகச்சுளிப்பும் கடைக்காரர்களின் தயக்கமும் சேர்ந்து, யாரும் கையெழுத்துப் போடாத ஒரு சட்டத்தை உண்டாக்கிவிட்டன. அந்த மாத்திரையோ 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. தாமதம் ஆக ஆகப் பலன் குறையும். அது கருவைக் கலைப்பதில்லை, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தேர்வில் எழுதியிருப்பீர்கள். தேர்வில் எழுதியதைக் கவுண்டரில் மறந்துவிடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் வளர்ந்த தீவில் இன்று நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள். செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களில் பலர் வெளிநாட்டவர்கள். பெர்மிட்டில் வந்து உழைக்கும் ஓர் இந்தோனேசியப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால் அவள் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தெலுக் பங்லிமா காராங்கோ பந்திங்கோ வந்து உங்கள் முன்னால் நிற்கிறாள். உங்களுக்கு அது ஒரு சங்கடமான அரை நிமிடம். அவளுக்கு அது ஊரில் இருக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணம்.

2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஏதேனும் ஒரு கருத்தடை முறையைப் பின்பற்றும் மணமான பெண்கள் நம் நாட்டில் 52 விழுக்காடு. அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பும் ஏறத்தாழ இதேதான். ஏழு கோடி மக்கள்தொகை வேண்டும் என்று 1984-இல் அரசு கொள்கையை மாற்றிக்கொண்டது இந்தத் தேக்கத்துக்கு ஒரு காரணம். பக்கவிளைவு பற்றிய பயம் இன்னொன்று. கவுண்டரில் உயரும் புருவமும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நிரூபிக்க வழியில்லை. புருவத்துக்குப் பதிவேடு கிடையாதே!

நாம் 'இல்லை' சொல்ல வேண்டிய நேரமும் உண்டு. 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர். இரத்த அழுத்தம் ஏறிக் கிடப்பவர். கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருபவர் என்றால், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தரக்கூடாது. அப்போது காரணத்தைச் சொல்லி, வேறு முறையைக் காட்டி, டாக்டரிடம் அனுப்புவோம். அது படிப்பு சொல்லும் 'இல்லை'. நம்பிக்கை சொல்லும் 'இல்லை'யும் அதே வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. எது எதுவென்று வாங்க வரும் பெண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டாவதை முதலாவதைப்போல் காட்டுவதைத்தான் நான் ஏமாற்று வேலை என்கிறேன்.

மனசாட்சியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மரண தண்டனைக்கான ஊசிமருந்தைத் தயாரித்துத் தராதீர்கள் என்று 2015-இல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு. அங்கே மறுக்கிறவர் மருந்து ஏறப்போகும் உடம்பைக் காப்பாற்ற நினைக்கிறார். கருத்தடை மாத்திரையை மறுக்கிறவர் தன் மனசைக் காப்பாற்றிக்கொள்கிறார். செலவு வேறொருத்தியின் உடம்புக்கு.

உங்களில் யாருக்காவது இந்த மருந்தைத் தொட உண்மையிலேயே மனம் ஒப்பவில்லை என்றால், வேலைக்கான நேர்காணலிலேயே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் ஷிப்டில் இன்னொரு மருந்தாளுநர் இருக்கும் பெரிய கடையாகப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் கிடைக்கும், பெட்டாலிங் ஜெயாவில் கிடைக்கும். ஒற்றை மருந்தகம் உள்ள ஊருக்குப் போகாதீர்கள். சம்பளம் குறைந்தால் குறையட்டும். நம்பிக்கை உங்களுடையது, அதற்கான செலவும் உங்களுடையதாகவே இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடையில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, வருகிற பெண்ணை அங்கே உட்காரவைத்து, கேட்க வேண்டியதை மெதுவான குரலில் கேளுங்கள். கடைசி மாதவிடாய் எப்போது என்று கேளுங்கள், வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். தாலியைத் தேடாதீர்கள்.