தியன் பியன் பூ: சைக்கிள் சொன்ன கணக்கு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலனியாதிக்கம் முடிவுக்கு வந்ததைச் சொல்லும்போது தியன் பியன் பூ என்ற பெயரை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். 1954, பிரான்சின் தோல்வி. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால், "ஏழை நாடு எப்படி சார் ஜெயிச்சது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "வீரத்தால்" என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. வீரம் இரு பக்கமும் இருந்தது.

வியட்நாமின் வடமேற்கில், லாவோஸ் எல்லைக்கு அருகே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. 1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு வீரர்கள் பாராசூட்டில் இறங்கி அங்கே அரண் அமைத்தார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் விமானத்தில் வந்தது. இவ்வளவு தொலைவுக்கு ஒரு பெரும்படைக்கான அரிசியையும் பீரங்கிகளையும் எதிரியால் கொண்டுவர முடியாது என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதுவேன். ஒருவர் 20 கிலோ அரிசி சுமக்கிறார். நாளொன்றுக்கு 1 கிலோ சாப்பிடுகிறார். போக 10 நாள், திரும்ப 10 நாள் என்று வைத்துக்கொள்வோம். படைக்கு மிஞ்சுவது எவ்வளவு? பிள்ளைகள் கழித்துப் பார்த்து, "பூஜ்யம் சார்" என்பார்கள். பிறகு ஒரு சைக்கிளை வரைவேன். கைப்பிடியிலும் இருக்கைத் தண்டிலும் மூங்கில் கட்டி, ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றினார்கள். அதே பயணத்தில் இப்போது 180 கிலோ மிஞ்சுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்குதான்.

வியட்நாம் அரசின் கணக்குப்படி சுமார் 2.6 லட்சம் பொதுமக்கள் சுமை தூக்கினார்கள். 20,000 சைக்கிள்கள் ஓடின. சீனா தந்த பீரங்கிகளும் உதவின. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால், அந்தப் பீரங்கிகளைக் கயிறு கட்டி மலைமேல் இழுத்தவை மனிதக் கைகள்.

தளபதி வோ நுயென் ஜியாப் ஹனோயில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். 1954 ஜனவரியில் எல்லாம் தயாரான நிலையில், வெற்றி உறுதியில்லை என்று கருதித் தாக்குதலை நிறுத்தினார். ஏற்றிய பீரங்கிகளை மீண்டும் கீழே இறக்கச் சொன்னார். பாடத்தை அங்கே நிறுத்தி, "உங்கள் முடிவு என்னவாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பின்வரிசைப் பிள்ளைகளும் பேசுவார்கள்.

மார்ச் 13 அன்று தாக்குதல் தொடங்கியது. 56ஆம் நாளான மே 7 அன்று அரண் வீழ்ந்தது. மறுநாள் ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு ஆரம்பமானது. ஜூலையில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது.

பாடத்தைக் கைதட்டலோடு முடித்துவிட வேண்டாம். நாடு 17ஆம் அட்சக்கோட்டில் பிரிக்கப்பட்டது. அடுத்த போர் 1975 வரை நீண்டது.

எந்தப் போரை நடத்தினாலும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோறு எங்கிருந்து வந்தது? யார் சுமந்தார்கள்? முடிந்தபின் அந்த மண்ணின் மக்களுக்கு என்ன ஆனது? ஆண்டும் பெயரும் இந்த விடைகளோடு சேர்ந்தே பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிடும்.