மெதுவான சில்லு எப்படி முந்துகிறது?

பங்குச்சந்தை என்றதும் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் தர்க்க வாயில்கள் மும்பையில் என்ன வேலை பார்க்கின்றன என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

தேசியப் பங்குச்சந்தை 2010-இல் தரகு நிறுவனங்களின் கணினிகளைத் தன் வளாகத்திலேயே வைத்துக்கொள்ள இடம் தந்தது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு நானோ நொடியில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான் போகும். ஆகவே அருகில் இருப்பவருக்கு விலைத் தகவல் முந்திக் கிடைக்கும். எல்லோரும் அருகில் வந்துவிட்ட பிறகு மிஞ்சியது கணினிக்குள் ஏற்படும் தாமதம். தகவல் உள்ளே வந்து, இயங்குதளத்தைக் கடந்து, நிரலை அடைந்து, ஆணையாக வெளியேறச் சில மைக்ரோ நொடிகள் ஆகும். அதைக் குறைக்க எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மைக்ரோ நொடிக்குள் பதில் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், கணினிச் செயலி நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும். இந்தச் சில்லு 30 கோடி முறை துடித்தாலே பெரிது. பத்தில் ஒரு பங்கு வேகம்தான். பிறகு எப்படி முந்துகிறது?

இதை என் வகுப்பில் மதிப்பெண் கூட்டச் சொல்லிக் காட்டினேன். 40 பேர், ஐந்து பாடம். ஒருவரே கூட்டினால் ஒரு தாளுக்கு நான்கு கூட்டல், மொத்தம் 160. அடுத்து நான்கு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தேன். முதல் பிள்ளை தமிழையும் ஆங்கிலத்தையும் கூட்டித் தாளைத் தள்ளிவிடும். அடுத்தது கணக்கைச் சேர்க்கும், அதற்கடுத்தது அறிவியல், கடைசியில் சமூக அறிவியல். ஒருவரும் சும்மா இருப்பதில்லை. 43 தட்டில் 40 தாளும் முடிந்தன. பிள்ளைகள் இரண்டு மடங்கு மெதுவாகக் கூட்டினாலும் 86-க்கு மேல் போகாது. செயலி தனி ஆளாக ஓடுகிறது, இந்தச் சில்லு வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். புடவையின் டிசைன் மாறினால் தறியை யாரும் மாற்றுவதில்லை. ஜக்கார்டு அட்டையை மாற்றுவார்கள், இப்போது பல தறிகளில் பென்டிரைவ். எந்த நூல் எழும்ப வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. எஃப்.பி.ஜி.ஏ.-வுக்குள் இருப்பவையும் ஆயிரக்கணக்கான சிறு அட்டவணைகளே. நாம் கரும்பலகையில் போடும் உண்மை அட்டவணையேதான், மாற்றி எழுதத்தக்க நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு உள்ளீடு என்றால் 16 வரிசை. எண்களை மாற்றினால் ‘அண்டு’ வாயில் ‘ஆர்’ ஆகிவிடும். 1985-இல் சைலிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் சில்லில் இப்படி 64 தொகுதிகள் இருந்தன. சந்தை தன் தகவல் வடிவத்தை மாற்றினால், நிலையாக வார்த்த சில்லைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இதில் அட்டையை மாற்றினால் போதும். ‘இந்த அட்டவணையால் என்ன பயன் சார்?’ என்று கேட்ட பையனுக்கு, ‘தேர்வில் மூன்று மதிப்பெண்’ என்று ஒரு காலத்தில் பதில் சொன்னவன் நான்.

எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி கேட்டாள்: “நடுவுல ஒருத்தி தப்பாக் கூட்டுனா, பின்னாடி வர்ற எல்லாமே தப்பாயிடும்ல சார்?”

ஆகும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற தரகு நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலரை இழந்தது. பிழை மென்பொருளில்தான். ஆனால் தவறான ஆணைகள் நிற்காமல் பாய்ந்தன. தடுக்க வேண்டிய சரிபார்ப்பு போதவில்லை. ஆணை சந்தைக்குப் போகும் முன் விலையும் அளவும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது நம் செபியின் விதி. வேகத்துக்காக அதை விட்டுவிட முடியாது. மென்பொருளில் ஒவ்வொரு சோதனையும் நேரம் தின்னும். இந்தச் சில்லில் எல்லாச் சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் நடத்தலாம்.

அந்த மாணவியையே வரிசையின் கடைசியில் ஐந்தாவதாக உட்கார வைத்தேன். மொத்தம் 500-ஐத் தாண்டினால் “நிறுத்து!” என்று சத்தம் போடுவது அவள் வேலை. 43 தட்டு 44 ஆனது.