மழைக்கு முன் ஒரு முடிவு



2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை; பெற்றோரும் இல்லை.

அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே இருந்தனர். லயத்தை விட்டால் குடியேற அவர்களுக்கு ஒரு பேர்ச் காணியும் இருக்கவில்லை.

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், எவருடைய கட்டளைக்கும் காத்திராது வெளியேறுங்கள். முற்றத்தில் நேரான பக்கங்களையுடைய தகரப்பேணி ஒன்றை வையுங்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை சேர்ந்தால் விழித்திருங்கள். 100 ஆனால் ஆயத்தமாகுங்கள். 150 ஆகுமுன் புறப்படுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

எங்கே புறப்படுவது? எந்த வழியாகச் செல்வது? முதியவரைத் தாங்கிச் செல்பவர் யார்? இவற்றை இன்றிரவே வீட்டாரோடு பேசி முடிவுசெய்யுங்கள். அதிபராகிய எனக்கும் இதிற் பங்குண்டு. பாடசாலை பாதுகாப்பான நிலத்தில் இருக்குமாயின், மழையிரவில் அதன் மண்டபத் திறப்பு யாரிடம் உள்ளதென்பது தோட்டம் முழுவதும் அறிந்த செய்தியாதல் வேண்டும்.

பாதுகாப்பான காணி வழங்குதல் அரசினதும் தோட்ட நிருவாகத்தினதும் கடன். அது நிறைவேறும்வரை, எச்சரிக்கையோடு போக்கிடத்தையும் சேர்த்தே சொல்லுவோம்.