கண்ணில் படாத கட்டிடம்



கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் 1969இல் ஒரு பேய் மாளிகை திறக்கப்பட்டது. வெளியே நின்று பார்த்தால் தூண்கள் வைத்த பழைய வீடு, அளவாகத்தான் இருக்கும். உள்ளே போனவர்களை எண்கோண அறையொன்றில் நிறுத்திக் கதவைச் சாத்துவார்கள். சுவரில் மாட்டிய ஓவியங்கள் மெல்ல நீளும். அறை மேல்நோக்கி வளர்கிறது என்றே எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் இறங்குவது தரை. அந்த அறையே ஒரு லிஃப்ட்!

எதற்கு இவ்வளவு பாடு? மாளிகைக்குள் போகிறவர்களை ஏற்றிச் சவாரி ஓடும் மண்டபம் மிகப் பெரியது. பூங்காவுக்குள் அதை எழுப்பினால் பார்க்கிற பக்கமெல்லாம் அதன் சுவர்தான் தெரியும். அதனால் பூங்காவைச் சுற்றிவரும் ரயில் பாதைக்கு அப்பால் கட்டினார்கள். தண்டவாளத்துக்குக் கீழால் ஆட்களைக் கூட்டிப்போகவே அந்த லிஃப்ட். புளோரிடாவில் டிஸ்னி 1971இல் திறந்த மாளிகையில் இந்தத் தேவை இருக்கவில்லை. அங்கே தரை அசையாது, கூரைதான் உயரும்.

1955இல் டிஸ்னிலாண்ட் திறந்தபோதே சுற்றிவர மண்மேடு போட்டு மரங்கள் வைத்திருந்தார்கள். வெளித்தெரு உள்ளே நிற்பவர் கண்ணில் படக்கூடாது. நம் வளவுகளில் கிடுகு வேலி செய்த வேலையேதான், அளவு மட்டும் பெரிது.

இப்படி மறைக்கும் கலையின் உச்சத்தைக் காண அமெரிக்கா வரை போகத் தேவையில்லை, நேயர்களே. பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்க இருக்கிறது. கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கிய பழைய இறப்பர்த் தோட்டம் அது. 2003இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து தெற்கே பார்த்தால் புல் படர்ந்த கறுவாக் குன்று. அதன் உச்சியில் மகிழ மரத்தடியில் ஒரு பெரிய சாடி. அதற்கு நேரே, ஏரிக்கு அப்பால், கட்டக்குளிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். அந்தக் காட்சிக்காகக் குன்றின் உச்சியையே வெட்டித் தாழ்த்தினார் பாவா. விகாரை அவருடைய காணியில் இல்லை. ஆனாலும் அந்தத் தோட்டத்தின் கடைசிப் புள்ளி அதுதான்.

இன்னொன்றையும் கேளுங்கள். வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஒரு பொதுத் தெரு போகிறது. ஊர்ச்சனம் நடக்கிற தெருவை மறிக்க முடியாது. பாவா அதைப் பள்ளத்தில் மறைத்துவிட்டார். வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி அறுபடாமல் குன்றுவரை ஓடும்.

பெரிய கட்டிடத்திலும் அவர் இதையே செய்தார். தம்புள்ளைக்கு அருகே 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலை முதலில் சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் கட்டவே யோசித்தார்கள். அங்கே கட்டினால் சிகிரியாவின் அழகு கெடும். பாவா இடத்தை மாற்றினார். இன்று குளத்துக்கு அப்பால் தூரத்தில் சிகிரியா தெரிகிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் நீளமான ஹோட்டலோ பாறையை ஒட்டி வளைந்து, செடிகொடிகளுக்குள் ஒளிந்து கிடக்கிறது. குகை போன்ற வாசலால் நுழைந்த பிறகுதான் அந்தக் காட்சி விரியும். மறைப்பதற்கும் காட்டுவதற்கும் அவர் ஒரே கணக்கைப் போட்டார். எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவும் கற்க வேண்டிய பாடம் அது.

இனி நம் சாவகச்சேரிக்கு வருவோம். அது இருக்கும் தென்மராட்சியில் குன்றுமில்லை, பாறையுமில்லை. தட்டை நிலம், உயரமாய் எது எழுந்தாலும் தூரத்திலிருந்தே தெரியும். மறைப்பதற்கு நம்மிடம் இருப்பவை மரங்கள்: மாவும் பலாவும் தென்னையும் பனையும். அவை வளர ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே இங்கே யாராவது சிறுவர் பூங்கா அமைக்க வரைபடம் கீறினால், ஜெனரேற்றர் கொட்டகைக்கும் மலசலகூடத்துக்கும் இடம் குறிக்க முன்னரே மரங்களுக்கு இடம் குறிக்கட்டும். வாசலில் நிற்கிற பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்றும் ஒருமுறை பார்க்கட்டும்.